12 வால்வு கம்மின்ஸ் இன்ஜினை ஃபோர்டு பிக்கப்பில் ஏற்றுதல்: 1997 சேசிஸா, 2006 சேசிஸா?

ஹூஸ்டன்_மேற்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே சிறு பண்ணை ஒன்று வைத்திருக்கிறேன். வைக்கோல் உருளைகளையும் ஒரு சிறிய டிராக்டரையும் டிரெய்லரில் வைத்து இழுக்க எனக்கு ஒரு பிக்கப் வேண்டும். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதலாவது 1997 ஃபோர்டு எஃப்-350. நான்கு சக்கர ஓட்டம், ஐந்து கியர், 460 என்று சொல்லப்படும் 7.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். வண்டி ஓடும் நிலையில்தான் இருக்கிறது, ஆனால் டிரெய்லரை மாட்டினால் அது குடிக்கும் பெட்ரோலை என்னால் தாங்க முடியாது. இரண்டாவது 2006 எஃப்-250. கேபின், கதவு, இருக்கை எல்லாம் புதிது போல் இருக்கின்றன. அதிலிருந்த 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினை உரிமையாளர் ஏற்கெனவே கழற்றி விற்றுவிட்டதால் விலை மலிவு. அது தானியங்கி கியர் வண்டி.

ஏற்ற நினைக்கும் இன்ஜின், பின்பக்கம் மோதி நசுங்கிய 1997 டாட்ஜ் ராம் 2500 ஒன்றில் இருக்கிறது: 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு கம்மின்ஸ் டீசல், அதற்கு டீசல் செலுத்தும் பாஷ் பி7100 இன்லைன் பம்பு, பின்னால் என்வி4500 ஐந்து கியர் பெட்டி. முழு வண்டியாகவே வாங்கிக்கொள்ளலாம். கணினி இல்லாமல், ஒரே ஒரு மின்கம்பியை நம்பி ஓடும் இன்ஜின் என்று எல்லோரும் சொல்வதுதான் எனக்கு ஈர்ப்பு. இந்த இரண்டில் எந்தச் சேசிஸை வாங்குவது? என் மனம் 2006 பக்கம் சாய்கிறது.

நாமக்கல்_பட்டறை எழுதியது:

தம்பி, சேசிஸைப் பற்றி அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும். இன்ஜினைப் பற்றி நான் சொல்ல முடியும், ஏனென்றால் நீங்கள் சொல்வது எங்களுக்கு அந்நியமான இன்ஜின் அல்ல. டாடாவும் கம்மின்ஸும் 1993-இல் கூட்டு நிறுவனம் தொடங்கி, ஜாம்ஷெட்பூரில் இதே பி வரிசை 5.9 லிட்டர் இன்ஜினைச் செய்து லாரிகளில் பூட்டினார்கள். எங்கள் ஊரில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் எவருக்கும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரியும். உங்கள் ஊரில் அதைப் பிக்கப்பில் போட்டு ஓட்டுகிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இந்த இன்ஜினை வாங்குமுன் ஒன்றை மனத்தில் வையுங்கள். இதில் லைனர் (சிலிண்டருக்குள் செருகும் தனிக் குழாய்) கிடையாது. மற்ற பல லாரி இன்ஜின்களில் தேய்ந்த லைனரை உருவிப் போட்டுவிட்டுப் புதியதை இறக்கிவிடலாம்; இதிலோ பிஸ்டன் நேராகப் பிளாக்கிலேயே ஓடுகிறது. தேய்ந்திருந்தால் பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோய் போரை (பிஸ்டன் ஓடும் துளையை) பெரிதாகக் கடைந்து, 0.5 மி.மீ. பெரிய பிஸ்டன் போட வேண்டும். அதையும் தாண்டியிருந்தால் 1 மி.மீ. ஆகவே ஹெட்டும் பம்பும் பார்க்க எப்படி இருக்கின்றன என்பதைவிட, போர் எப்படி இருக்கிறது என்பதே உங்கள் செலவைத் தீர்மானிக்கும்.

நசுங்கிய வண்டியாக இருந்தாலும் அதிலேயே வைத்து இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். நன்றாகச் சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாயின்மேலேயே வையுங்கள். லேசாக ஆவி வந்து மூடி அசைந்தால் பரவாயில்லை. மூடியைத் தூக்கி எறிகிற அளவுக்குக் காற்று அடித்தால், பிஸ்டன் ரிங்கும் போரும் போய்விட்டன என்று பொருள். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பிறகு குளிர்ந்த இன்ஜினில் வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள்: இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. ஒரே ஒரு வால்வில் மட்டும் இடைவெளி ஏறுமாறாக இருந்தால் அந்த வால்வைத் தள்ளும் புஷ் ராடையும் டேப்பெட்டையும் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஓஹியோ_டீசல் எழுதியது:

நாமக்கல் அண்ணன் சொன்னதோடு அமெரிக்க வண்டிகளில் மட்டும் பேசப்படும் ஒன்றைச் சேர்க்கிறேன். 12 வால்வு இன்ஜினின் முன்பக்கம் டைமிங் கியர்களை மூடியிருக்கும் உறையைப் பிளாக்கில் நேராக உட்காரவைக்க ஒரு சிறிய எஃகு முளை இருக்கிறது. பல ஆண்டு அதிர்வில் அது துளையிலிருந்து மெல்ல நழுவி வெளியே வந்து, கியர்களுக்கு இடையில் விழலாம். விழுந்த இடத்தைப் பொறுத்து ஆயில் கசிவோடு போகலாம், உறை உடையலாம், கேம் கியரே பல் இழக்கலாம். தீர்வு மிக எளிது: முளையின் முகத்தைப் பாதி மறைக்கும்படி ஒரு சிறு தகட்டை, அருகில் உள்ள போல்ட்டின் கீழ் வைத்து முறுக்கிவிட வேண்டும். இன்ஜின் வண்டிக்குள் இருக்கும்போது ரேடியேட்டர், விசிறி, முன் மூடி என எல்லாவற்றையும் கழற்ற வேண்டிய வேலை அது. இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போது செய்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். முன் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

இப்போது சேசிஸ். என் கருத்து 1997-தான், அதில் எனக்கு ஐயமே இல்லை. 2006 வண்டியில் இன்ஜின் கணினி, கியர் கணினி, டேஷ்போர்டு மீட்டர்கள் எல்லாம் ஒரே தரவுக் கம்பியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. இன்ஜினோடு அதன் சென்சார்களும் போய்விட்டதால், கியர் எப்போது மாற வேண்டும் என்று அந்தத் தானியங்கிப் பெட்டிக்குச் சொல்ல ஆளில்லை, ஆர்.பி.எம். முள்ளும் சூட்டு முள்ளும் எதைக் காட்டுவது என்று தெரியாமல் கிடக்கும். இதற்கெல்லாம் தனி கண்ட்ரோலர்களும் மாற்று மீட்டர்களும் விற்கிறார்கள், வாங்கிப் பூட்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கணினி வேண்டாம் என்பதற்காகத் தொடங்கும் வேலையில், வண்டியை ஏமாற்றுவதற்கென்று புதிதாக இரண்டு கணினிகளை வாங்கிப் பூட்டுவது எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது.

1997 எஃப்-350 வேறு வகை. அந்த உடலமைப்பில் ஃபோர்டு தன் 4.9 லிட்டர் நேர்வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜினையும் விற்றது என்பதால், நீளமான இன்ஜினுக்கு இடம் இருக்கிறது. ஆனால் கம்மின்ஸ் ஏறக்குறைய 500 கிலோ; 460 இன்ஜினைவிட நூறு கிலோவுக்கு மேல் கனம். அதே காலத்து எஃப்-250-இல் முன் அச்சு இரண்டாகப் பிரிந்த அமைப்பு. கனம் ஏறினால் சக்கரங்கள் சாய்ந்து டயரை உள்பக்கம் தின்னும். எஃப்-350-இல் ஒரே துண்டான டேனா 60 அச்சு இருப்பது உங்கள் நல்வாய்ப்பு. முன் ஸ்ப்ரிங்கை மட்டும் டீசல் வண்டிக்கு உரியதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சாக்ரமென்டோ_வாசி எழுதியது:

இரும்பைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், சட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இது முதல் கேள்வி, கடைசிக் கேள்வி அல்ல.

இங்கே இன்ஜின் மாற்றும்போது, புதிதாக வரும் இன்ஜின் வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். அந்த இன்ஜினோடு வந்த மாசுக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் அனைத்தும் கூடவே வர வேண்டும். 1998-ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தையவையுமான, 14,000 பவுண்டு வரையிலான டீசல் வண்டிகள் புகைச் சோதனைக்குள் வருகின்றன. 2006 எஃப்-250-இல் 1997 இன்ஜின் என்றால் இங்கே கதவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டெக்சஸில் டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை இல்லை. 2025 தொடக்கத்திலிருந்து சொந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடந்த பாதுகாப்புச் சோதனையையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் சோதிக்க ஆளில்லை என்பதால் சட்டமே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு வண்டிக்குச் சான்றளிக்கப்பட்ட மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் செயலிழக்கச் செய்வதை நடுவண் அரசின் தூய காற்றுச் சட்டம் எல்லா மாநிலங்களிலும் தடுக்கிறது. இலகுரக வண்டிக்குள் கனரக இன்ஜினை ஏற்றுவதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எந்த நிலையிலும் ஏற்பதில்லை. 8,500 பவுண்டு மொத்த எடைக்கு மேலானவை கனரகக் கணக்கில் வரும் என்பதால் உங்கள் எஃப்-350-க்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு எஃப்-150-இல் கம்மின்ஸ் ஏற்ற நினைக்கும் எவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

1997 சேசிஸ், 1997 இன்ஜின், அந்த இன்ஜினோடு வந்த எக்ஸாஸ்ட் சாமான்கள் (வினையூக்கிக் குடுவை இருந்தால் அதுவும்), பம்பில் எந்த மாற்றமும் இல்லை. இப்படிச் செய்தால், நாளை வண்டியை விற்கும்போதோ வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும்போதோ நீங்கள் நேராக நின்று பதில் சொல்ல முடியும். ஓஹியோ நண்பர் இயந்திரக் காரணத்துக்காகச் சொன்ன அதே சேசிஸை நான் சட்டக் காரணத்துக்காகச் சொல்கிறேன்.

ஹூஸ்டன்_மேற்கு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆண்டுக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை, 2006-ஐ விட்டுவிடுகிறேன்.

அடுத்த கேள்வி. 460 பெட்ரோல் இன்ஜினைச் சுற்றி இருக்கும் சாமான்களில் எவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம்? பிரேக், பவர் ஸ்டியரிங், எரிபொருள் தொட்டி ஆகியவை பெட்ரோல் வண்டிக்கு உரியவை. கியர் பெட்டியிலும் குழப்பம்: ஃபோர்டின் இசட்.எஃப். ஐந்து கியர் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது. கம்மின்ஸோடு என்வி4500 வருகிறது. எதை வைத்துக்கொள்வது?

நாமக்கல்_பட்டறை எழுதியது:

பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும், தம்பி. பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் வழியில் த்ராட்டில் தகடு இருக்கிறது. அதை மூடும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, பிரேக் பூஸ்டரை இழுக்கிறது. டீசல் இன்ஜினில் அந்தத் தகடே இல்லை, காற்று எப்போதும் முழுதாகப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே வெற்றிடமும் இல்லை. பெட்ரோல் வண்டியின் பூஸ்டர் குழாயை டீசல் இன்ஜினில் எங்கே செருகினாலும் பயனில்லை. பெடல் கல்லாக நிற்கும். பட்டறை வாசலில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது இது தெரியாது, டிரெய்லரோடு சரிவில் இறங்கும்போதுதான் தெரியும்.

நீங்கள் முழு வண்டியை வாங்குவதால் ஒரு வசதி. டாட்ஜில் வந்த கம்மின்ஸின் முன்பக்கம் கியரால் ஓடும் வேக்குவம் பம்பு இருக்கிறது, பவர் ஸ்டியரிங் பம்பும் அதன் முதுகிலேயே ஒட்டியிருக்கும். இரண்டையும் பிரிக்காமல் அப்படியே எடுத்துவந்து, ஃபோர்டின் ஸ்டியரிங் பாக்ஸுக்கு ஏற்ற பிரஷர் ஹோஸ் மட்டும் புதிதாக அடித்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பில் ஆயில் கசிவு வருவது வழக்கம், சீல் மாற்றிவிட்டே பூட்டுங்கள்.

தொட்டியைப் பொறுத்தவரை, பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் மின் பம்பை வெளியே எடுத்துவிட வேண்டும். பி7100 வண்டியில் பிளாக்கின் பக்கவாட்டில் கேமால் ஓடும் ஃபீடு பம்பு இருக்கிறது, அதுவே இழுத்துக்கொள்ளும். தொட்டிக்குள் இறங்கும் குழாய் போதிய அகலம் இருக்க வேண்டும். டீசல் பம்பிலிருந்தும் நாசில்களிலிருந்தும் மிஞ்சிய டீசல் தொட்டிக்குத் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் குழாயைத் தொட்டியின் அடிவரை விடுங்கள், மேலே இருந்து கொட்டினால் நுரை கட்டிக் காற்று இழுக்கும். மிக முக்கியம், தொட்டியைக் கழற்றி நன்றாகக் கழுவுங்கள். பெட்ரோல் படிவும் துருவும் பம்பின் எலிமென்ட்டுக்குள் போனால், அந்தப் பம்பைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு தொட்டியே வாங்கிவிடலாம்.

ஓஹியோ_டீசல் எழுதியது:

கியர் பெட்டிக் கேள்விக்கு என் பதில்: எந்தப் பெட்டி வேண்டுமோ அதைவிட, எந்த வழியில் லேத் வேலை குறைவோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபோர்டின் இசட்.எஃப். பெட்டியை வைத்துக்கொண்டால், பின்பக்க ஷாஃப்டும் நான்கு சக்கரப் பெட்டியும் கியர் நெம்புகோலும் இருந்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் வாங்க வேண்டியது கம்மின்ஸையும் இசட்.எஃப்.-ஐயும் இணைக்கும் அடாப்டர் தகடும், அதற்கு ஏற்ற ப்ளைவீலும் கிளட்ச்சும். என்வி4500-ஐ வைத்துக்கொண்டால் தகடு வேண்டாம். ஆனால் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் நகர வேண்டும், ஷாஃப்ட் நீளம் மாற வேண்டும், நான்கு சக்கரப் பெட்டியின் முன் ஷாஃப்ட் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று உங்கள் முன் அச்சோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதோடு கம்மின்ஸின் முறுக்குத் திறனில் என்வி4500-இன் ஐந்தாம் கியரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்து, கியர் ஷாஃப்டிலிருந்து பின்வாங்குவது நன்கு அறியப்பட்ட நோய். அதற்கு மாற்று நட் கிடைக்கிறது, பெட்டி வெளியே இருக்கும்போது போட்டுவிடலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இசட்.எஃப்.-ஐ வைத்துக்கொள்வேன், என்வி4500-ஐ விற்றால் அடாப்டர் செலவில் ஒரு பங்கு திரும்பி வரும். அடாப்டர் தகடு வாங்கும்போது ஒன்றில் கஞ்சத்தனம் வேண்டாம்: தகட்டின் நடுவட்டம் கிராங்க் ஷாஃப்டின் நடுவோடு ஒத்துப்போகிறதா என்று டயல் கேஜ் வைத்து அளந்த பிறகே பெட்டியைத் தூக்கி மாட்டுங்கள். மயிரிழை விலகினாலும் கியர் பெட்டியின் இன்புட் பேரிங் சத்தம் போடத் தொடங்கிவிடும், பலர் அதைக் கிளட்ச் கோளாறு என்று நினைத்துக் கிளட்ச்சையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

பின் அச்சு விகிதத்தையும் பாருங்கள். 460 பெட்ரோல் வண்டிகளில் 4.10 போன்ற விகிதம் பரவலாக வந்தது. பெட்ரோல் இன்ஜினுக்கு அது சரி. கம்மின்ஸோ 2,500-2,600 ஆர்.பி.எம்.-க்குள்ளேயே தன் முழு குதிரைத்திறனைக் கொடுத்து முடித்துவிடும் இன்ஜின். 235/85 ஆர்16 டயரும் 0.75 அளவிலான ஐந்தாம் கியரும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் 4.10 அச்சு இன்ஜினை 2,230 அளவில் சுற்றவைக்கும், 3.55 அச்சில் அதுவே 1,930-க்கு இறங்கும். சத்தத்திலும் டீசல் செலவிலும் இந்த வேறுபாட்டை நீங்கள் நன்றாகவே உணர்வீர்கள். ஆனால் எப்போதும் பாரம் இழுக்கிறவர், நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டாதவர் என்றால் 4.10-ஐ அப்படியே விட்டுவிடுங்கள், நட்டமில்லை.

மிச்சிகன்_குளிர் எழுதியது:

எல்லோரும் ஒரே திசையில் பேசுவதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். எளிமையான இன்ஜின் என்கிறீர்கள். இன்ஜின் எளிமைதான். ஆனால் மாற்றி ஏற்றிய வண்டி எளிமையானதல்ல. நாளை நடுவழியில் நின்றால், எந்தப் பட்டறையிலும் இந்த வண்டிக்கான மின் வரைபடம் இருக்காது. ரேடியேட்டர் ஹோஸ் ஒரு வண்டியுடையது, விசிறி பெல்ட் இன்னொன்றுடையது, கிளட்ச் மூன்றாவது கடையுடையது. ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதி வைக்காத உரிமையாளர் இறந்த பிறகு அந்த வண்டி பழைய இரும்புக்குத்தான் போகும்.

2006 வண்டியில் இருந்த 6.0 இன்ஜினைப் பலர் பேயைப் போல் பேசுவதும் மிகை. 2003 முதல் 2007 வரை நேவிஸ்டார் ஃபோர்டுக்குச் செய்து கொடுத்த அந்த இன்ஜினால் இரு நிறுவனங்களும் நீதிமன்றம் வரை போனது உண்மை. ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி நான்கே ஹெட் போல்ட்கள் என்பதும், ஆயில் கூலர் அடைத்துக்கொண்டால் அதன் பின்னால் உள்ள இ.ஜி.ஆர். கூலருக்கு (இன்ஜினுக்குள் திரும்பும் புகையைக் குளிர்விப்பது) தண்ணீர் போதாமல் அது வெடிப்பு விடுவதும் உண்மை. ஆனால் நோயின் மூலம் தெரிந்துவிட்டதால் மருந்தும் தெரிந்துவிட்டது: வலுவான ஹெட் ஸ்டட், புதிய ஆயில் கூலர், நல்ல கூலன்ட். இவற்றைச் செய்த வண்டிகள் இன்றும் பாரம் இழுக்கின்றன.

புகையையும் பேச வேண்டும். நடுவண் சுற்றுச்சூழல் முகமை 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், அதற்கு முந்தைய பத்தாண்டில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் கழற்றப்பட்டன என்று சொன்னது. பழைய இன்ஜின் மீதான ஆசையில் ஒரு பகுதி, கரும்புகை மீதான ஆசை. பி7100 பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஃபூயல் பிளேட்டை மாற்றிப் புகை தள்ளுவது எவ்வளவு எளிது என்பதையே அந்தப் பம்பின் பெருமையாகப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓஹியோ_டீசல் எழுதியது:

மிச்சிகன் நண்பரின் முதல் பத்தியோடு எனக்கு முழு உடன்பாடு. மாற்றி ஏற்றும்போது ஒவ்வொரு பெல்ட், ஹோஸ், ஃபில்டர், பேரிங் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு கிளவ் பாக்ஸில் வையுங்கள். அது வண்டியின் ஜாதகம்.

6.0 பற்றிச் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே பழுதுபார்க்க அந்த இன்ஜினே வண்டியில் இல்லை. புகையைப் பற்றிய கருத்தும் நியாயம். பம்பைத் தொடாமல் விட்டால் இந்த இன்ஜின் பாரத்தில் வேகம் எடுக்கும்போது மட்டும் லேசாகப் புகை விடும். அதற்கு மேல் விடுவதெல்லாம் உரிமையாளரின் கைவேலை.

சேலம்_ஓட்டுநர் எழுதியது:

படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது. எங்கள் ஊர் காமன் ரெயில் (கணினியால் டீசல் செலுத்தும்) பிக்கப் ஒன்றில், பழைய மெக்கானிக்கல் பம்பு இன்ஜினை ஏற்றி ஆர்.சி.-யில் பதிய முடியுமா?

நாமக்கல்_பட்டறை எழுதியது:

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள், தம்பி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அதே மாடல், அதே வகை இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி இன்ஜின் எண்ணைப் பதிவது வேறு. பி.எஸ்.4 மாசு விதிப்படி வந்த வண்டியில் பழைய இன்ஜின் ஏற்றினால் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் நிற்கும். அதைவிட, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடும். எங்கள் பட்டறையில் இந்த வேலையை எவ்வளவு கொடுத்தாலும் எடுப்பதில்லை.

ஹூஸ்டன்_மேற்கு எழுதியது:

முடிவு செய்துவிட்டேன்: 1997 எஃப்-350, இசட்.எஃப். பெட்டி, பம்பில் மாற்றமில்லை. மூடியைத் தலைகீழாக வைக்கும் சோதனையை நேற்று செய்தேன்; மூடி லேசாக ஆடியது, விழவில்லை. தண்ணீரில் எண்ணெய் இல்லை. ஆகவே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். ஒரே கம்பியில் ஓடும் என்கிறார்களே, அந்தக் கம்பியை எங்கிருந்து எடுப்பது? பம்பில் கசியும் கேஸ்கட்டை மாற்ற, பம்பைக் கழற்றிப் பூட்டலாம் என்று இருக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

ஓஹியோ_டீசல் எழுதியது:

1993 வரை டாட்ஜில் வந்த வி.இ. ரோட்டரி பம்புக்கு அந்தப் பேச்சு முழுக்கப் பொருந்தும்: சாவியைத் திருகினால் 12 வோல்ட், அவ்வளவுதான். உங்கள் பி7100-இல் டீசலை நிறுத்தும் நெம்புகோலை ஒரு வெளிச் சாலினாய்டு (மின்காந்த இழுவை) மேலே இழுத்துப் பிடிக்கிறது. அதற்குள் இரண்டு சுருள்கள் உண்டு. இழுக்கும் சுருள் மிக அதிக மின்சாரம் எடுக்கும், ஸ்டார்ட்டர் சுற்றும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டுமே அது உயிரோடு இருக்க வேண்டும். பிறகு பிடித்திருக்கும் சிறு சுருள் போதும். இழுக்கும் சுருளுக்கு ஸ்டார்ட்டர் கம்பியிலிருந்து ரிலே வழியாகவும், பிடிக்கும் சுருளுக்குச் சாவியின் ரன் நிலையிலிருந்தும் மின்சாரம் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சாவியில் கட்டினால் சாலினாய்டு புகைந்துபோகும். டாட்ஜின் ரிலேயையும் அதன் கம்பிக் கட்டையும் வெட்டாமல் எடுத்துவந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

ஹூஸ்டன் வெயிலுக்கு இன்டேக் ஹீட்டர் இல்லாமலும் ஸ்டார்ட் ஆகும். இருந்தாலும் அதைக் கழற்றாதீர்கள், சான்றளித்த நிலையில் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் முழுதாக வைத்திருங்கள்.

நாமக்கல்_பட்டறை எழுதியது:

பம்பு விஷயத்தில் அவசரம் வேண்டாம். பம்பு ஷாஃப்டின் நுனி கூம்பு. கியர் அதன்மேல் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது, சாவிக்கட்டை கிடையாது. கூம்பிலும் கியரின் துளையிலும் ஒரு சொட்டு ஆயில் இருந்தாலும் பாரத்தில் கியர் வழுக்கி டைமிங் கெட்டுவிடும். இரண்டையும் பிரேக் கிளீனர் ஊற்றித் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, காய்ந்த பிறகே உட்காரவைத்து, நட்டை 195 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். முதல் சிலிண்டரை மேல்முனையில் நிறுத்த, கியர் உறையின் பின்பக்கம் தள்ளும் முள் ஒன்று இருக்கிறது; அது பிளாஸ்டிக். அதை உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு நட்டை இறுக்கினால் முறிந்துவிடும், முறிந்த துண்டு கியருக்குள்தான் விழும். இறுக்கும்போது கிராங்க்கை ப்ளைவீல் பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், முள்ளை வெளியே இழுத்துவிட்டதை நீங்களே உங்கள் விரலால் தொட்டுப் பார்த்த பிறகு ஸ்டார்ட்டரைத் தொடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபில்டரிலும் பம்பிலும் ஏர் எடுங்கள். பிறகு நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, டீசல் குமிழியில்லாமல் வரும்வரை ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றுங்கள். பம்புக்குள் ஆயில் இன்ஜினிலிருந்தே வருகிறது. புதிதாகப் பூட்டிய பம்பு வறண்டிருக்கும் என்பதால், பக்கவாட்டு பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷர் முள்ளைப் பாருங்கள். அது ஏறும்வரை ஆக்சிலரேட்டரில் கால் வைக்க வேண்டாம்.